தொடக்கப்பள்ளியும் இணையத்தின் இலவசக் கருவிகளும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



இச்சங்கம் தோன்றிய நாளில் நமக்கு வேண்டியிருந்தவை சிலேட்டு, நோட்டுப் புத்தகம், மாலையில் பாடம் சொல்லித்தர ஓர் ஆள் ஆகியவையே. இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கி, நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் வயல்கள் மனைகளாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பின்னர் ஒரகடத்திலும் ஆலைகள் எழுந்தன. நம் இளைஞர்கள் பலர் சீருடை அணிந்து ஆலைப் பேருந்தில் ஏறினர். இன்று நம் கையில் சிலேட்டு இல்லை, கைப்பேசி இருக்கிறது. அதனைக் கொண்டு தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்பதைப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்துள்ளார்கள். நாம் கணிப்பொறி கற்றவர் அல்லோம். பள்ளியில் செய்து பார்த்ததையும், செய்து தவறியதையும் மட்டுமே கூற இயலும்.

இலவசம் என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பகுதி பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அளித்த அறிக்கையும், 1892ஆம் ஆண்டு அரசாணையும், அதனால் பிறந்த பஞ்சமி நிலங்களும் நாம் அறிந்தவையே. அக்காலத்தில் அரசின் உதவி பெற்ற பள்ளிகள் எல்லார்க்கும் பொது என்று ஏட்டில் எழுதியிருந்தது. ஆனால் பள்ளி இருந்த இடம் ஊர்த்தெரு. சில ஊர்களில் கோயில் திண்ணை. நம் குழந்தை அங்கே கால் வைக்க இயலவில்லை. ஆகவேதான் 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் குழந்தைகளுக்கெனத் தனியே இலவசப் பள்ளியைத் தொடங்க நேர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதர் அம்முயற்சிக்குத் துணை நின்றார். கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் ஒரு பொருள் நமக்குக் கிடைத்துவிடுவதில்லை என்பதை நம் பாட்டனார் காலத்திலேயே கண்டுவிட்டோம்.

இணையத்திலும் அதுவே நடக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாள்தான் மீண்டும் திறந்தன. அந்த இருபது மாதங்களிலும் பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. அதைக் கைப்பேசியால் படமெடுத்தால் 'தீக்ஷா' தளத்தில் பாடக்காட்சி திறக்கும். குறியீடு எல்லாப் பிள்ளையின் நூலிலும் இருந்தது. கைப்பேசியோ தந்தையின் சட்டைப்பையில் ஆலைக்குச் சென்றுவிட்டது. இரவுப் பணி முடிந்து அவர் திரும்பும்போது பிள்ளை பள்ளி வயதின் ஒரு நாளை இழந்திருந்தது. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் அப்போது பல வீடுகளில் உதவிற்று. ஆனால் தொலைக்காட்சியிடம் ஐயம் கேட்க முடியுமா? 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்கள் மாலையில் தெருவிற்கே வந்து பிள்ளைகளுடன் அமர்ந்தனர். நம் குடியிருப்பில் அவ்வாறு அமர்ந்தவர்கள் நம் பெண்பிள்ளைகளே என்பதை இங்கே பெருமையுடன் கூற வேண்டும். அவர்களது கையில் இருந்ததும் ஒரே ஒரு கைப்பேசிதான். அதைச் சுற்றிப் பதினைந்து தலைகள். 2022 ஜூனில் கூகுளின் வாசிப்புச் செயலியைக் கொண்டு அத்திட்டத்தின் கீழ் வாசிப்பு மாரத்தான் நடந்தபோது, எழுத்துக் கூட்டத் தயங்கிய பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு உரக்கப் படித்ததைக் கண்டோம். பிழையாகப் படித்தால் அக்கருவி சினப்பதில்லை, ஏளனம் செய்வதுமில்லை. ஆசிரியராகிய நாம் அதனிடம் கற்க வேண்டியதும் உண்டு.

பாடத்திற்கு உதவும் கருவிகளில் நாம் மிகுதியும் கையாளுவது பிரதம் புத்தக நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்னும் கதைத் தளம். படக்கதைகள் பல மொழிகளில் உள்ளன. எவரும் இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், வேறு மொழியில் பெயர்க்கலாம். உரிமம் அவ்வாறே வழங்கப்பட்டுள்ளது. நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் சேர்ந்தான். தந்தை உதிரிப்பாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. சிறுவன் இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. வகுப்பாசிரியை அவனை மந்தமானவன் என்றே எண்ணிவிட்டார். நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை ஒளிப்பதற்கில்லை. ஒருநாள் ஒரே கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் அச்சிட்டோம். ஒடியாப் படியை வீட்டிற்குக் கொடுத்தனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை அவன் தந்தை அதைப் படித்துத் தம் குரலைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பினார். திங்கட்கிழமை வகுப்பில் அக்குரலை ஒலிக்கச் செய்து, பக்கம் பக்கமாக நிறுத்தி, அதே வரியைத் தமிழில் நம் பிள்ளைகள் படித்தனர். தந்தையின் குரல் வகுப்பறையில் ஒலித்ததும் அச்சிறுவன் நிமிர்ந்து அமர்ந்தான். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்பதைத் தன் மொழியில் முந்திக்கொண்டு கூவினான். அவனுக்குக் கதை தெரிந்திருந்தது. நமக்குத்தான் அவன் மொழி தெரியவில்லை. ஒதுக்கப்பட்ட குழந்தை வகுப்பின் மூலையில் எவ்வாறு அமர்ந்திருக்கும் என்பதை அறிந்த சமூகம் நம்முடையது. இன்று அம்மூலையில் வேறொரு பிள்ளை அமர்ந்திருந்தால் அதை முதலில் காண வேண்டியவர் நாமல்லவா?

கணக்குப் பாடத்தில், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் 2002 முதல் உருவாக்கி வரும் 'ஃபெட்' செயல்விளக்கங்கள் நன்று. நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வைமன் தொடங்கியவை அவை. பின்னம் என்றால் அஞ்சும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, திரையில் வட்டத்தைத் தானே துண்டாக்கி அடுக்கும்போது அரையும் இரு காலும் ஒன்றே எனக் கண்டுகொள்கிறது. ஒருமுறை இறக்கி வைத்தால் இணைய இணைப்பின்றியும் இயங்கும். நம் பள்ளியில் இணைப்பு எப்போது வரும், எப்போது போகும் என்பதை மின்வாரியத்தாரும் அறியார். எனினும் தோசையைப் பிட்டுக் காட்டினாலும் பின்னம் விளங்கும் என்பதை இளம் ஆசிரியர்கள் மறந்துவிடக் கூடாது.

இனி இரண்டாம் பகுதிக்கு வருகிறோம். நாம் பி.எட். பயின்றபோது 'வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்' என்றொரு பாடம் இருந்தது. பெயர் நீளம், நடைமுறையில் தொடக்கப்பள்ளிக்கென அறிவுரையாளர் எவரும் இல்லை. வகுப்பாசிரியரே அப்பணியையும் செய்கிறார். எட்டு வயதுக் குழந்தை, "எனக்கு மனம் சரியில்லை" என்று கூறாது. வயிற்றுவலி என்று கூறும். அல்லது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். 2014இல் இவ்வட்டாரத்தில் பெரிய கைப்பேசி ஆலையொன்று மூடப்பட்டபோது வகுப்பில் வயிற்றுவலிக்காரர்கள் பெருகினர். காரணம் நமக்குப் பிந்தித்தான் புரிந்தது.

நான்காம் வகுப்பில் சிறுமி ஒருத்தி ஆசிரியையின் கேள்வி எதற்கும் விடை கூறமாட்டாள். கைப்பேசியிலுள்ள ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, "ஒரு கதை சொல்லம்மா, யாரும் பார்க்கமாட்டோம்" என்று கூறி ஆசிரியை சற்றுத் தள்ளி நின்றார். அவள் முயல்குட்டியின் கதை சொன்னாள். அம்மா முயல் இரவில் பேருந்தில் ஏறிப் போய்விடும். குட்டி கதவைத் தாழிட்டுக்கொண்டு விளக்கை அணைக்காமல் படுத்திருக்கும். பேருந்தில் ஏறும் முயலை நாம் எக்கதையிலும் படித்ததில்லை. அன்று மாலையே அவள் தாயைச் சந்தித்தோம். கணவனை இழந்தவர், இரவுப் பணி வாரத்தில் பிள்ளை தனியே உறங்குகிறது. குறை கூறுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. அதே தெருவில் பெரியம்மா முறையுள்ளவர் ஒருவர் அவ்வாரங்களில் சிறுமியைத் தம் வீட்டில் படுக்கவைத்துக்கொள்ள இசைந்தார். கருவி செய்தது குழந்தையின் வாயைத் திறந்தது மட்டுமே. மற்றதைச் செய்தவர் பெரியம்மா.

இப்போது நம் தவற்றைக் கூறுகிறோம். மேற்கூறிய வெற்றியால் சற்றே தலை நிமிர்ந்திருந்த காலம். வராத பிள்ளைகளின் காரணத்தை அறிய இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வினாப்படிவம் ஒன்றை ஆயத்தம் செய்து பெற்றோர்க்கு அனுப்பினோம். வீட்டில் குடிப்பழக்கம் உண்டா, கடன் தொல்லை உண்டா, பிள்ளையை அடிப்பவர் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தோம். நம்பிக்கையுடன் பலர் விடையளித்தனர். அவ்விடைகள் அடங்கிய பட்டியலை நம்முடன் பணியாற்றும் ஆசிரியருக்கு அனுப்புவதாக எண்ணி, பெற்றோர் அனைவரும் உள்ள வாட்ஸ்அப் குழுவில் நம் கையாலேயே அனுப்பிவிட்டோம். அழிப்பதற்குள் பலர் பார்த்துவிட்டனர். மறுநாள் ஒரு தாய் பள்ளி வாயிலில் நின்று, "சார், எங்க வீட்டுக் கஷ்டத்த நம்பித்தானே எழுதினேன், ஊருக்கே போட்டுட்டீங்களே" என்றார். அவர் உரத்துப் பேசவில்லை. ஊர்ப்பிள்ளைகள் அவர் மகனைத் தந்தையின் பெயரோடு குடியையும் சாதியையும் சேர்த்து இழித்துக் கூப்பிட்டனர். பையன் பதினோரு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்கு நான்கு முறை சென்று மன்னிப்புக் கேட்ட பின்னரே வந்தான். இன்றும் அவன் நம் முகத்தை நேரே பார்ப்பதில்லை.

2023இல் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்தம் விவரங்களைத் திரட்டப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருப்பது நன்று. ஆனால் நம்மைத் திருத்தியது அத்தாயின் சொல்லே. அதன்பின் குழந்தையின் குடும்பத் துயரம் எதையும் நாம் படிவத்தில் கேட்பதில்லை, குழுவில் எழுதுவதில்லை. பெயர் குறிக்காமல் ஒரு நோட்டில் எழுதிப் பூட்டி வைக்கிறோம். இலவசக் கருவிகளை நடத்தும் நிறுவனங்கள் அவ்விவரங்களை எங்கே வைக்கின்றன என்பது நமக்குத் தெரியாதபோது, பிறர் வீட்டு இரகசியத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்ட நமக்கு என்ன உரிமை?

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி இளைஞர்கள் வினவினர். பயிற்சித்தாள் ஆயத்தம் செய்ய அவை உதவும். பிழை திருத்தாமல் கொடுக்கலாகாது. குழந்தையின் துயரத்தை அவற்றிடம் ஒப்படைப்பதற்கு நாம் உடன்படவில்லை.

சில செய்திகள் ஆசிரியரிடமும் நிற்கலாகாதவை. குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதனை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிப்பது குற்றம். நம் பெரியோர்களும் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இவற்றிற்கு இணையம் வேண்டியதில்லை. பொத்தான் வைத்த பழைய கைப்பேசியே போதும். நம் பள்ளியில் இவ்விரு எண்களையும் குடிநீர்க் குழாயின் மேல், குழந்தையின் கண் உயரத்தில் எழுதி வைத்துள்ளோம். தலைமையாசிரியர் அறைக்குள் எழுதினால் எந்தப் பிள்ளை படிக்கும்?

இறுதியாக இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ.யும் பட்டயமும் முடித்து ஆலைகளில் பணிபுரியும் நீங்கள் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை கைப்பேசியை மாற்றுகிறீர்கள். பழையதை மிகக் குறைந்த விலைக்குக் கடையில் கொடுக்கிறீர்கள். அதனைச் சங்கத்திற்குத் தாருங்கள். உங்கள் படங்களையும் கணக்குகளையும் முற்றிலும் நீக்கிவிட்டுத் தாருங்கள். கதைகளையும் பாடக்காட்சிகளையும் சங்கக் கட்டடத்தின் இணைப்பில் இறக்கி வைத்துக்கொள்வோம். அதனோடு வார விடுமுறையில் ஒரு மணி நேரம் வந்து பிள்ளையின் அருகில் அமருங்கள். பணிமுறை மாறுவதால் ஒரே ஆள் எல்லா வாரமும் வர இயலாது என்பதை அறிவோம். அதற்காகப் பெயர்ப்பட்டியல் ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம். முதற்பணி, இரண்டாம் பணி, இரவுப் பணி என மூன்று கட்டங்கள் வரைந்திருக்கிறோம். இரவுப் பணிக் கட்டம் இன்னும் நிரம்பவில்லை. பட்டியல் வாயிலருகே மேசைமேல் உள்ளது; பேனாவும் வைத்திருக்கிறோம்.