பிள்ளைகளுக்குப் பாம்பைக் காட்டுங்கள்

(வானொலி வேளாண் உரை)



பள்ளிக்கூட விடுமுறை விட்டால் பிள்ளைகளை அமராவதி அணைக்குக் கூட்டிப்போய் முதலைப் பண்ணையைக் காட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் முதலை நம் தோட்டத்துக்கு வரப்போவதில்லை. சோளத்தட்டுப் போரிலும் கட்டுத்தரையிலும் நடமாடுவது பாம்புதான். அதைப் பிள்ளைகள் அடிபட்டுக் கிடக்கும்போதுதான் பார்க்கிறார்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். கிண்டியில் 1972-இல் தொடங்கிய பாம்புப் பண்ணை இருக்கிறது. மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. பாம்பின் தலையைப் பக்குவமாகப் பிடித்து, தோல் கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைப்பார்கள். மஞ்சளாகச் சொட்டும் அந்த நஞ்சுதான், குதிரையின் உடலில் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, பாம்புக்கடி மருந்தாகிறது. நஞ்சு எடுத்தபின் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்த வித்தை தெரிந்த இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பார்த்தால் என்ன லாபம் என்பீர்கள். அடையாளம் தெரியும். படம் எடுப்பது நல்லபாம்பு. கருத்த உடம்பில் மெல்லிய வெள்ளை வளையம் இருந்தால் கட்டுவிரியன். சங்கிலி போன்ற புள்ளிகளோடு குக்கர் மாதிரி சீறுவது கண்ணாடி விரியன். உடம்பை உரசிச் சத்தம் போடும் சிறியது சுருட்டை விரியன். நம் நாட்டு மருந்து இந்த நாலுக்கும் தயாராகிறது.

சாரைக்கு விஷமில்லை. மாட்டுக் காலைக் கட்டிப் பால் குடிக்கும் என்பது கட்டுக்கதை. பாம்பு பால் குடிக்காது. சாரை தின்பது எலியை. அதை அடித்தால் எலிக்குத்தான் கொண்டாட்டம். கொம்பேறிமூக்கன் மயானம் வரை வந்து பார்க்கும் என்பதும் வெறும் பேச்சு.

இன்னொன்று கவனியுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல சமயம் வலியே இருக்காது. விடியலில் வயிற்று வலி, கண் இமை சரிவது என்று தெரியவரும். ஆகவே கட்டிலில் படுங்கள், கொசுவலையைச் சுற்றிச் செருகுங்கள். பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வரப்பில் நடந்து வரும் பிள்ளைகள் கையில் டார்ச் லைட் இருக்கட்டும்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாம்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வித்தை காட்டுவதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அனுமதி பெற்ற பண்ணையில் பாருங்கள். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

பார்த்துப் பழகிய பிள்ளை பதறாது. எது சாரை, எது விரியன் என்று அதுவே நமக்குச் சொல்லும்.