புது மீன்தொட்டியும் அதன் நீரும்



தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் வந்து குடியேறியிருக்கும் நம்மவருள் பலருக்கு வீடு என்பது மூன்றாவது மாடியிலோ ஐந்தாவது மாடியிலோ அமைந்த இரண்டு அறைகளே. கிணறு இல்லை, கொல்லைப்புறம் இல்லை, கன்று கட்ட இடமில்லை. ஆயினும், குழந்தைகள் உள்ள வீட்டில் ஓர் உயிரை வளர்க்க வேண்டும் என்ற ஆசை எழாமல் இராது. அதை நிறைவேற்றிக்கொள்ள எளிய வழி கண்ணாடி மீன்தொட்டிதான் என்று பலரும் எண்ணுகிறார்கள். நாங்களும் அவ்வாறே எண்ணினோம். வழி எளியதுதான், ஆனால் அதன் முதல் சில வாரங்கள் எளியவை அல்ல. அந்த வாரங்களில் தொட்டி நீரை எப்படிச் சோதிப்பது, எப்போது மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்பவற்றைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

தில்லியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமையன்று தொட்டி வந்து சேர்ந்தது. 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். கூழாங்கல் பரப்பி, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிரப்பினால் சுமார் 45 லிட்டர் கொள்ளும். அதே நாளில் ஐந்து தங்கமீன்களையும் வாங்கினோம். குழாய்நீரை நிரப்பி, கடைக்காரர் கொடுத்த மருந்தில் சில சொட்டு விட்டு, மீன்களை இறக்கினோம். மூன்றாம் நாள் நீர் அரிசி களைந்த நீரைப்போலக் கலங்கியது. அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று கருதி, நீர் முழுவதையும் கொட்டினோம். கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினோம். மறுபடியும் குழாய்நீரை நிரப்பினோம். அம்முறை மருந்து விட மறந்துபோனோம். மறுநாட் காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. அந்த வாரம் முடிவதற்குள் மூன்றாவதும் போயிற்று. எங்கள் பெண், "நன்றாகக் கழுவித்தானே வைத்தோம் அப்பா, பின் ஏன் செத்துப்போயிற்று?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று எங்களால் விடை சொல்ல முடியவில்லை. பின்னர்க் கற்றறிந்த விடையைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை ஓயாமல் வெளிவிடுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவும்போது மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று எழுமே, அதில் அம்மோனியா உண்டு. தொட்டியில் இருக்கும் அளவுக்கு நெடியும் இராது, நிறமும் இராது. நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். மீனோ உள்ளே தவித்துக்கொண்டிருக்கும். ஆகவே, நீரின் தெளிவைக் கண்டு அதன் நலத்தை முடிவு செய்வது தவறு. எங்கள் தொட்டியில் மூன்றாம் நாள் தோன்றிய கலங்கல்கூடப் புதுத் தொட்டிகளில் நுண்ணுயிர்கள் பெருகுவதால் வருவது. பெரும்பாலும் சில நாட்களில் தானே தெளிந்துவிடுவது.

இயற்கை இந்த அம்மோனியாவை நீக்க ஒரு வழி வைத்திருக்கிறது. நுண்ணுயிர்களுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் தன்மை வேறு. நைட்ரைட் மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் தடுக்கும் நஞ்சு. நைட்ரேட் மிகுந்த அளவில் சேர்ந்தாலன்றித் தீங்கு செய்யாது. இத்தகைய நுண்ணுயிர்களை 1890ஆம் ஆண்டையொட்டி ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். நன்னீர் மீன்தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் இனத்தைச் சேர்ந்தவை என்பதை 1998இல் வெளிவந்த ஆராய்ச்சி தெளிவாக்கியது.

இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து வாழ்பவை அல்ல. கூழாங்கல்லிலும் வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை, மெல்லப் பெருகுபவை. போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்; குளிர்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். தில்லிக்கு வந்த முதல் மார்கழியில் தயிர் தோயாமல் நம் பெண்டிர் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கலாம். பாலில் குற்றம் இல்லை, உறையிலும் குற்றம் இல்லை. குளிரில் காலம் வேண்டியிருந்தது, அவ்வளவே. தொட்டியும் அப்படியே. நாங்கள் பஞ்சைக் குழாயடியில் தேய்த்தபோது, அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்த உறையையே கழுவிவிட்டோம். மருந்தில்லாத குழாய்நீரின் குளோரினும் திடீர்க் குளிர்ச்சியும் மீன்களைத் தாக்கின. சுத்தம் செய்கிறோம் என்று எண்ணிச் செய்த செயலே கேடாயிற்று.

இனி, சோதிக்கும் முறைக்கு வருவோம். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். ஆகிய மூன்றையும் அறிவதற்குச் சொட்டு மருந்துகள் அடங்கிய பெட்டி கடைகளில் கிடைக்கிறது. சோதனைக் குழாயில் தொட்டி நீரை அளவாக எடுத்து, சொன்ன எண்ணிக்கையில் சொட்டுகளை விட்டு, சொன்ன நிமிடங்கள் பொறுத்து, நீர் பெறும் நிறத்தை அட்டையில் உள்ள நிறங்களோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். விளக்கொளி ஏமாற்றும். நாள்தோறும் ஒரே வேளையில், உணவு போடுவதற்கும் நீர் மாற்றுவதற்கும் முன்பாகச் சோதித்து, ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வைத்தல் நலம்.

பி.எச். எதற்கு என்று கேட்கலாம். அம்மோனியாவின் கொடுமை அதைப் பொறுத்தது. 25 பாகை வெப்பத்தில் பி.எச். 7 ஆயின், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சான வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆயின் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல் இருக்கும். கடின நீர் வரும் ஊர்களில் பி.எச். உயர்ந்திருத்தல் இயல்பு. ஆதலால் ஓரூரில் மீன் தாங்கிய அளவை மற்றோரூரில் தாங்காது.

சோதனையில் அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு அரை மில்லிகிராமை எட்டினால் அன்றே நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். முழுவதையும் அன்று, கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ போதும். எங்கள் தொட்டிக்கு 15 லிட்டர் வாளியில் ஒரு வாளி. அம்மோனியா 2 மில்லிகிராம் இருந்த நாளில் ஒரு வாளி மாற்றியதும் அது சுமார் 1.3 ஆகக் குறைந்திருக்கும். மறுநாளும் ஒரு வாளி மாற்றினால், இடையில் புதிதாகச் சேர்வது நீங்கலாக, 0.9 அளவுக்கு இறங்கும். இவ்வாறு படிப்படியாகக் குறைத்தால் மீனுக்கு அதிர்ச்சி இல்லை. கல்லிலும் பஞ்சிலும் உள்ள நுண்ணுயிர்களுக்கும் அழிவில்லை. அந்நாட்களில் உணவையும் குறைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்கு மேல் ஒரு துகளும் கூடாது.

மாற்றும்போது ரப்பர்க் குழாயில் நீரை நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியின் அடியிலும் மறுமுனையைத் தாழ்வாக வைத்த வாளியிலும் இட்டால் நீர் தானே இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டா. பஞ்சு அடைத்துக்கொண்டால், இறக்கிய அந்தத் தொட்டி நீரிலேயே மெல்லப் பிழிந்து எடுக்க வேண்டும். ஊற்றும் புது நீரில் குளோரினை முறிக்கும் மருந்து கலந்திருக்க வேண்டும். புகைப்படம் கழுவுவோர் பயன்படுத்திய ஹைப்போ என்னும் உப்பே பெரும்பாலும் அம்மருந்தின் மூலப்பொருள். புது நீரின் வெப்பநிலையும் தொட்டி நீரை ஒத்திருக்க வேண்டும். நைட்ரைட் ஏறும் நாட்களில் பத்து லிட்டருக்கு ஒரு கிராம் வீதம், அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து விடுவது தங்கமீனுக்குக் காப்பாகும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள்வழி உட்புகுவதைத் தடுக்கிறது.

வெளியூர்வாழ் தமிழர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொட்டி நீரைச் சோதிக்குமுன் உங்கள் ஊர்க் குழாய்நீரைச் சோதியுங்கள். யமுனையில் அம்மோனியா மிகுந்ததால் வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் சுத்திகரிப்புக் குறைந்தது என்ற செய்தியைத் தில்லிவாசிகள் குளிர்காலங்களில் பன்முறை படித்திருப்பார்கள். அம்மோனியா கலந்த நீரில் குளோரின் சேர்ந்தால் குளோரமின் உண்டாகும். குளோரின், நீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்தால் அகன்றுபோம். குளோரமின் அவ்வாறு எளிதில் அகலாது. மருந்து அதை முறிக்கும்போதும் சிறிது அம்மோனியா வெளிப்படும். ஆகையால் நீர் மாற்றிய பின்னும் ஒருமுறை சோதிப்பது நன்று. ஆர்.ஓ. கருவியின் நீர் நமக்குக் குடிக்க உகந்ததாயினும், உப்புச்சத்து நீங்கிய அதை மட்டும் தொட்டியில் நிரப்பலாகாது, பி.எச். நிலைகொள்ளாது.

பழைய தொட்டி உள்ள நண்பர் எவரேனும் இருந்தால், நோயற்ற அத்தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் இடுங்கள். அண்டை வீட்டில் உறைமோர் வாங்குவதற்கு ஒப்பானது அது. வாரக்கணக்கில் காலம் மிச்சமாகும். மே மாதத்தில் ஊருக்குப் போகிறவர்கள் சித்திரையில் தொட்டி தொடங்க வேண்டா. பழகிய தொட்டியைச் சில நாள் அண்டைவீட்டாரிடம் ஒப்படைக்கலாம். பழகாத தொட்டியை ஒப்படைக்கலாகாது.

மூன்று மீன்கள் இறந்தபின், வேறு வாங்கிப் போடும்படி சொன்னவர் பலர். நாங்கள் வாங்கவில்லை. எஞ்சிய இரண்டுக்கும் பொறுப்பேற்றபின் மற்றவற்றைப் பற்றி எண்ணலாம் என்று முடிவு செய்தோம். எங்கள் பெண் நோட்டில் கோடு கிழித்து எழுதிவந்தாள். முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறியது. பொங்கல் கழிந்து இரண்டு வாரங்களுக்குப் பின், ஒன்பதாம் வாரத்தில், இரண்டும் பூஜ்யமாயின. ஒரு வாரம் முழுவதும் அவ்வாறே நின்றது. அதன் பிறகும், நைட்ரேட் சேராதிருக்க வாரம் ஒரு வாளி மாற்றுவதை நாங்கள் நிறுத்தவில்லை.

புது மீன் வாங்கலாமா என்று எங்கள் பெண்ணைக் கேட்டோம். அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றே ஒன்று வாங்கலாம், அப்புறம் இரண்டு வாரம் பார்க்கலாம்" என்றாள். தொட்டி வாங்கிய நாளில் எங்களுக்கு இல்லாத அறிவு அது. நேயர்களுக்கு அது முன்கூட்டியே வாய்க்கட்டும் என்பதே எங்கள் விருப்பம்.