மறுகா எப்ப வருவீங்க? – அயல்நாட்டுச் சிறுவர் இல்லங்களில் தொண்டூழியம்



இச்சொற்பொழிவுத் தொடரில் இலக்கணமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாங்கள் ஒரு பயணத்தைப் பற்றியும் ஒரு சொல்லைப் பற்றியும் பேச வந்துள்ளோம். பயணம் சிங்கப்பூரிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்புக்குச் சென்றது. சொல், அங்கு ஒரு சிறுமி எங்களிடம் கூறிய 'மறுகா' என்பது. பிறகு, மறுபடி என்னும் பொருளில் மட்டக்களப்பு மக்கள் நாள்தோறும் வழங்கும் சொல் அது. அச்சொல்லுக்கு நாங்கள் சொன்ன விடை பிழையானது. அப்பிழையை உங்கள்முன் வைப்பது, இனிப் பயணம் செய்யவிருக்கும் மாணவர்க்கும் அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் பயன்படும் என நம்புகிறோம்.

சமய நிறுவனங்கள் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உண்டியும் உறையுளும் கல்வியும் அளிப்பது நம்மவர்க்குப் புதிதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவரும், 1947 இல் யாழ் நூலை வெளியிட்டவருமான சுவாமி விபுலாநந்தர் கிழக்கிலங்கையின் காரைதீவில் பிறந்தவர். அவரை நாம் பெரும்பாலும் நூலாசிரியராகவே அறிவோம். கிழக்கிலங்கை மக்கள் அவரைப் பள்ளிகள் அமைத்தவராகவும் ஏழை மாணவர்க்கு இல்லம் நடத்தியவராகவும் நினைவுகூர்கின்றனர். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இல் தோன்றிய சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியின் விளைவே. கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தர் 1949 இல் தொடங்கிய சுத்த சமாஜமும், சிங்கப்பூர் பார்ட்லி சாலையில் இராமகிருஷ்ண மிஷன் நடத்திவந்த சிறுவர் இல்லமும் இதே மரபின. பசித்த பிள்ளைக்குச் சோறிட்ட அம்மரபைக் குறைகூற நாங்கள் வரவில்லை. அதனிடையே சில நாள் விருந்தினராய்ச் சென்று திரும்பும் நம்மைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் விடுமுறையில் 18 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் பத்து நாள் பயணமாகச் சென்றோம். நாங்கள் தங்கிப் பணியாற்றியது சைவ அன்பர்கள் நடத்தும் ஒரு சிறுமியர் இல்லம். ஆறு வயது முதல் பதினேழு வயது வரை, ஏறத்தாழ நாற்பது பேர் அங்கிருந்தனர். வடகீழ்ப் பருவமழை விடாது பெய்துகொண்டிருந்தது. விடியுமுன் மணி ஒலிக்கும். கிணற்றடியில் நீராடித் திருநீறணிந்து வழிபாட்டு மண்டபத்தில் சிறுமியர் வரிசையாய் அமர்வர். பண்ணோடு தேவாரம் பாடுவர். தமிழை ஒரு பாடமாக மட்டும் கற்ற எம் மாணவர்க்கு அப்பாடல்களின் சொற்களே புதியன. எங்கள் குழுவில் பிற சமயத்தினரும் இருந்தனர். அவர்கள் என்ன செய்வது எனத் தயங்கி நின்றபோது, "நிக்கலாம், இருக்கலாம், விரும்பினாப் பாடலாம், ஒண்டும் கட்டாயமில்ல" என்று இல்லத்து அம்மா ஒரே தொடரில் அத்தயக்கத்தைத் தீர்த்துவிட்டார்.

மொழியால் நாங்கள் அவர்களுக்கு உதவுவோம் என்றெண்ணிச் சென்றிருந்தோம். ஆயினும், முதல் நாளே எங்கள் மாணவர் ஒருவர், "தமிழில் பேசு" என்று ஒரு சிறுமியிடம் கூற, அவள், "நான் தமிழிலதானே கதைக்கிறன்" என்று வியந்து நின்றாள். பேசுதல் அவர்களுக்குக் கதைத்தல். ஆம் என்பது ஓம். திரும்பு என்பது கிறுகு. ஒரே மொழியின் இரு கரைகளில் நின்று ஒருவர் சொல்லை ஒருவர் கற்றுக்கொண்ட அப்பொழுதுகளே அப்பயணத்தில் இயல்பாய் அமைந்தவை.

நாங்கள் முறையாகத் திட்டமிட்டுச் சென்ற பாடங்கள் அவ்வாறு அமையவில்லை. வண்ணங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் கற்பிக்க, கையசைவுகளோடு கூடிய ஒரு பாட்டை எம் மாணவர் பல வாரம் பயிற்சி செய்திருந்தனர். சிறுமியர் வெகுவிரைவில் கற்றுக்கொண்டனர். எங்கள் கற்பித்தல் திறத்தை எண்ணி நாங்களும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள், பாத்திரம் கழுவும் இடத்தில் மூத்த பெண்ணொருத்தி எம் மாணவியிடம் மெல்லச் சொன்னாள்: "அக்கா, இந்தப் பாட்டு எங்களுக்குத் தெரியும். முதல் வந்த குழுவும் இதத்தான் சொல்லித் தந்தவங்க. அதுக்கு முதல் வந்தவங்களும்." அப்படியானால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று மாணவி கேட்டாள். "நீங்க ஆசையாச் சொல்லித் தந்தீங்க. அதான்" என்றாள் அவள். கொடுக்கப் போனவர்கள் நாங்கள். எங்கள் மனம் வாடாமல் காத்தவர்கள் அச்சிறுமியர்.

நான்காம் நாள் நண்பகல். இல்லத்து விறாந்தையில் ஒரு பெண்மணி, நனைந்த சேலையோடு, சிறு பை ஒன்றை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து காலையிலேயே புறப்பட்டு வந்தவர். கணவரை இழந்தவர், வயலில் கூலி வேலை செய்பவர். ஊரில் பள்ளி தொலைவு. மழைக்காலத்தில் பாதையும் இல்லை. ஆதலால் ஒன்பது வயது மகளை இல்லத்தில் சேர்த்திருந்தார். பள்ளி விடுமுறைக்கு மகளை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வந்திருந்தார். மகளோ, எங்கள் பிரியாவிடை விழாவுக்கான நடன ஒத்திகையில் இருந்தாள்.

நாங்கள் இல்லத்து அம்மாவிடம் சென்று கேட்டோம். அவர் ஒளிவின்றிக் கூறினார்: "நீங்க வாறீங்க எண்டுதான் ரீச்சர், லீவுக்குப் போற பிள்ளைகள மறிச்சி வெச்சிருக்கம். அவ்வளவு தூரத்தில இருந்து வாறவங்க. பிள்ளைகள் இல்லாட்டி உங்களுக்கு மனம் நோகுமெல்லோ."

அதில் வஞ்சம் ஏதுமில்லை. விருந்தோம்பல் மட்டுமே இருந்தது. எங்கள் நன்கொடையில் அவ்வாண்டு கூரை பழுது பார்க்கப்பட வேண்டும் என்னும் தேவையும் அதன் பின்னால் இருந்தது. தாயற்ற பிள்ளைகளுக்கு அன்பு செலுத்தப் போகிறோம் என்று சொல்லிப் பள்ளியில் நிதி திரட்டியவர்கள் நாங்கள். அங்கே ஒரு தாயை விறாந்தையில் காக்கவைத்துவிட்டு அவர் மகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றிரவு மாணவரும் ஆசிரியரும் கூடிப் பேசினோம். விழா வேண்டாம் என முடிவாயிற்று. மறுநாள் காலை முதல் பிள்ளைகள் ஒவ்வொருவராய் வீடு சென்றனர். ஏறத்தாழ நாற்பது பேரில் போக்கிடமின்றி எஞ்சியவர் ஏழு பேர் மட்டுமே.

'இல்' என்னும் சொல் தமிழில் வீட்டையும் உணர்த்தும், இன்மையையும் உணர்த்தும். இல்லத்துப் பிள்ளை என்றவுடன் நாம் இரண்டாம் பொருளையே கொண்டுவிடுகிறோம். கம்போடியாவில் யுனிசெஃப் துணையோடு மேற்கொள்ளப்பட்டு 2011 இல் வெளிவந்த ஆய்வு, இல்லங்களில் வாழும் பிள்ளைகளுள் நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதைக் காட்டியது. இலங்கையின் கிழக்கிலும் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும், 2009 வரை நீடித்த போரும் பிள்ளைகள் பலரை உண்மையிலேயே ஆதரவற்றவர் ஆக்கின. எனினும் வறுமையாலும், பள்ளியின் தொலைவாலும், தாயர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வதாலும் இல்லம் வந்துசேரும் பிள்ளைகளும் உளர். வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தல் தகாது என்பது ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009 இல் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி நெறிகளின் உள்ளக்கருத்து.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 2000 இல் தொடங்கிய நெடுநாள் ஆய்வொன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளுள் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய அறிவு வளர்ச்சியும் மனப்பிணைப்பும் இல்லத்தில் தொடர்ந்தவர்களைவிட மேம்பட்டன. மிக இளவயதில் குடும்பம் சேர்ந்தவர்க்கு அப்பயன் மிகுதியாய்க் கிட்டியது. குழந்தைக்கு நிலையான ஒருவரின் அண்மை வேண்டும். பத்து நாளுக்கொரு புதிய அக்காவும் அண்ணனும் வந்து, தூக்கிக் கொஞ்சி, படம் எடுத்து, மறைந்துபோவது அந்நிலைப்பேற்றுக்கு நேர்மாறானது.

இதனினும் கொடிய முகமும் உண்டு. அயல்நாட்டவர் பணத்தை நாடி, பெற்றோருள்ள பிள்ளைகளை இல்லங்களுக்குக் கொண்டுவந்து நிரப்பும் வணிகம் சில நாடுகளில் வேரூன்றியது. 2017 இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று இதனை நவீன அடிமைத்தனத்தோடு இணைத்து ஆராய்ந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபைத் தீர்மானமும், சுற்றுலாவோடு இணைந்த இல்லத் தொண்டூழியத்தால் விளையும் தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளை வேண்டியது. நாங்கள் சென்ற இல்லம் அத்தகையதன்று. ஆயினும், நல்ல இல்லத்திலும் நம் வருகை பிள்ளைகளின் நாளை நம் பக்கம் வளைத்துவிடும் என்பதை அந்த விறாந்தை எங்களுக்குக் காட்டியது.

இனி, அந்தச் சொல்லுக்கு வருவோம். நாங்கள் புறப்பட்ட காலை, எஞ்சியிருந்த எழுவருள் ஒரு சிறுமி வேன் அருகே வந்து, "மறுகா எப்ப வருவீங்க?" என்று கேட்டாள். எம் மாணவர் ஒருவர் கண்கலங்கி, "அடுத்த டிசம்பர் கட்டாயம் வருவோம்" என்றார். ஆசிரியராகிய நாங்கள் அருகிலிருந்தும் திருத்தவில்லை. அடுத்த ஆண்டுப் பயணம் வேறொரு நாட்டுக்கு என்பது அப்போதே முடிவாகியிருந்தது. மறு டிசம்பர் முதல் நாளிலிருந்து அச்சிறுமி வாசலைப் பார்த்திருந்ததாக இல்லத்து அம்மா தொலைபேசியில் தெரிவித்தார். அதனை அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார்.

அதன்பின் நாங்கள் செய்த முதற்காரியம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று இல்லத்து அம்மாவிடம் கேட்டதுதான். முதற்பயணத்தின் முன் அதனை நாங்கள் கேட்கவே இல்லை. அவர் மூன்றைக் கூறினார். விடுமுறைதோறும் பிள்ளைகள் வீடு சென்றுவரப் பேருந்துக் கட்டணம், தமிழ்க் கதைநூல்கள், பணியாளர் பெண்கள் இருவர்க்குச் சிறுவர் பராமரிப்புப் பயிற்சி. ஓர் ஆளின் விமானச் சீட்டுக்கு ஆகும் தொகையில் எத்தனை பிள்ளைகள் படுவான்கரைக்குச் சென்றுவரலாம் என எம் மாணவர் கணக்கிட்டனர். அக்கணக்கைக் கண்டபின் 18 பேர் செல்லவேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. அடுத்து இரண்டு ஆசிரியர்கள் மட்டும், பள்ளி நடக்கும் காலத்தில், பணியாளரோடு இருந்து பணியாற்றச் சென்றனர்.

மாணவர்க்கு வேறொரு பணி வாய்த்தது. மாதம் ஒரு கடிதம், தமிழில், கையெழுத்தில் எழுதுவது. தனிப் பிள்ளைக்குத் தனி மாணவர் என்றில்லாமல் வகுப்பு இல்லத்துக்கு எழுதும். இல்லத்து அம்மா படித்துப் பார்த்துப் பிள்ளைகளிடம் தருவார். ஒரு மாணவர் பள்ளியை விட்டு நீங்கினாலும் கடிதம் நிற்பதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளியில் இத்தகைய பயணம் பேசப்படும்போது நான்கு வினாக்களை முதலில் எழுப்புங்கள். ஒன்று, அவ்வில்லம் முறைப்படி பதிவு பெற்றதா? இலங்கையில் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் அதனைக் கண்காணிக்கிறது. இரண்டு, நாம் செல்லும் நாளில் பிள்ளைகள் எங்கிருக்க வேண்டியவர்கள்? பள்ளியிலா, வீட்டிலா, நம் முன்னா? மூன்று, நாம் செய்யப்போகும் பணியை நம் நாட்டுச் சிறுவர் இல்லத்தில், பயிற்சியற்ற பதினாறு வயதினர் செய்ய நாம் இசைவோமா? நான்கு, நாம் எடுக்கும் படத்தில் நம் தங்கை இருந்தால் அதனைப் பொதுவில் வெளியிடுவோமா?

மாணவச் செல்வங்களே, போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைகளைத் தேடிப் போகுமுன் அவர்களைப் பேணுவோரைத் தேடிப் போங்கள். கிணற்றடியைச் சீர்செய்யலாம், நூலகம் ஒழுங்கு செய்யலாம், சமையற்கட்டில் தேங்காய் துருவலாம். பிள்ளைகள் தாமே வந்து கதைத்தால் கதையுங்கள். நிறைவேற்ற இயலாத நாளை மட்டும் குறித்துக் கொடுக்காதீர்கள்.

சென்ற மாதக் கடிதம் அன்று வேன் அருகே வந்து நின்ற அதே சிறுமி எழுதியது. இப்போது அவள் சாதாரணதரத் தேர்வுக்குப் படிக்கிறாள். மழையைப் பற்றியும், கணக்குப் பாடத்தைப் பற்றியும், நாங்கள் அனுப்பிய நூலொன்றின் முடிவு தனக்குப் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. "மறுகா எழுதுறன்" என்று முடித்திருந்தாள். இம்மாத விடையை நேற்று அஞ்சலில் சேர்த்துவிட்டு இவ்வரங்குக்கு வந்திருக்கிறோம்.