கீழாநெல்லிக்கு உரியவர் யார்?

(வடக்கனந்தலில் ஆற்றிய உரை)



கல்வராயன் மலையடியில், கோமுகியாறு பாயும் இவ்வூர் வயல்வரப்பில் கீழாநெல்லியை மிதியாது நடந்தவர் எவரேனும் உளரோ? களையென்று பிடுங்கி எறிகின்றோம். கண் மஞ்சளித்தால் அதனையே தேடி ஓடுகின்றோம்.

அதன் பெயரை நோக்குமின்! இணுக்கின் அடிப்புறத்தே காய்கள் வரிசையாய்த் தொங்குவதால் கீழ்க்காய்நெல்லி, அதுவே கீழாநெல்லி. பெயரிட்டவன் செடியைத் திருப்பிப் பார்த்தவன்! நிலைத்திணை நூலார் பல வரிகளில் எழுதும் அடையாளத்தை ஒரு சொல்லுள் அடக்கினான்.

அதன் கசப்பை ஆய்ந்து, 1946-இல் கிருட்டிணமூர்த்தியும் குளித்தலையிற் பிறந்த வேதியலறிஞர் சேசாத்திரியும் பில்லாந்தின் என்னும் சேர்மத்தைப் பற்றி எழுதினர். ஆயின், 1987-இல் நிகழ்ந்தது யாது? இச்செடிச் சாற்றால் ஈரல் அழற்சியைத் தீர்க்கும் முறைக்குப் பிலடெல்பியாவின் பாக்சு சேசு புற்றுநோய் நடுவம் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது! அவ்வாறே 1995-இல் மஞ்சளுக்கும் காப்புரிமை வழங்கினர். அதனை 1997-இல் நீக்கச் செய்தவை நம் பழைய ஏட்டுச் சான்றுகளே. வாய்ச்சொல்லை மட்டும் கொண்டு காப்புரிமையை நீக்கச் செய்தல் அரிது.

உரிமை வேண்டுமெனில் உண்மையும் வேண்டும், உடன்பிறப்புகளே. சென்னைப் பல்கலைக்கழகத் தியாகராசன் குழுவினர், பி வகை நச்சுயிரியைக் குருதியில் தாங்கியோர்க்குச் செடிப்பொடி 200 மில்லிகிராம், நாள் மும்முறை, 30 நாள் கொடுத்தனர். 1988-இல் வெளியான முடிவின்படி, மருந்துண்ட 37 பேரில் 22 பேர்க்கு நச்சுயிரியின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெறும்பொடி உண்ட 23 பேரில் ஒருவர்க்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது! ஆனால், பிறநாடுகளிற் பின்னர் நடந்த ஆய்வுகள் பலவற்றில் அவ்விளைவு கிட்டவில்லை. இதனை மறைத்துப் பேசுவது தமிழ்ப்பற்றாகாது.

ஏன் கிட்டவில்லை? உருவொத்த வேறினச் செடிகளிற் சேர்மங்கள் அதே அளவில் இரா. விளைந்த மண்ணும் பறித்த பருவமும் அளவை மாற்றும். இன்னொன்றும் கேளுங்கள். அழுக்குநீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமே தணிவன. அப்புகழையும் செடிக்கே சூட்டிவிடுகிறோம். பி வகையோ ஓசையின்றி ஈரலை அரிக்கும். எனவே, கண் மஞ்சளித்தவர் எவ்வகையென முதலிற் குருதி ஆய்ந்தறிக. மயக்கமோ மனக்குழப்பமோ கண்டால், அரைத்துக் கொண்டிராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மலையூர்ப் பெரியோரிடம் இளைஞர்க்கு ஒரு வேலை உண்டு. எச்செடி, எவ்விடம், எப்பருவம், எவ்வளவு, எந்நோய்க்கு என்பவற்றை அவர்தம் பெயரோடு ஏட்டில் எழுதுக. செடியைத் தாளிடை உலர்த்தி உடன் ஒட்டுக. கீழாநெல்லியும் அதனோடு மயங்கும் செடிகளும் இம்மேடைமேல் உள்ளன. இறங்கிச் செல்லுமுன் ஒவ்வொன்றையும் திருப்பி, காய் எங்குளதெனப் பாருங்கள்.