வயலும் ஆராய்ச்சியும்



நமது புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் உள்ளது. அங்கு உருவாகி 2016இல் வெளியான வம்பன் 8 உளுந்து, மஞ்சள் தேமலைத் தாங்கவல்லது. வெள்ளை ஈ பரப்பும் அந்நோய் இளம் பயிரில் கண்டுவிட்டால், காய் பிடிப்பதே அரிது.

ஆயினும், ஆராய்ச்சிப் பண்ணை மட்டும் ஓர் இரகத்தை முழுதும் அறிந்துவிட இயலாது. மண்ணும் மழையும் ஊருக்கு ஊர் மாறுபடும். ஆகவேதான் புதிய இரகங்களை உழவர் நிலங்களிலும் பயிரிட்டுச் சோதிக்கிறார்கள். அதற்கு இடம் தருவோர், விதைத்த நாள், பெய்த மழை, நோய் கண்ட நாள், மகசூல் ஆகியவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். பொய்த்த விளைச்சலையும் மறைக்கலாகாது. மறைத்தால் அடுத்த ஊர் நஷ்டமடையும்.

பஞ்சாயத்துகள் இக்குறிப்புகளைத் திரட்டி, வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.