கிளட்ச் விட மாட்டேங்குதா? கியர்பாக்ஸை இறக்கறதுக்கு முன்னாடி 20 நிமிஷம்

இந்த எபிசோட்ல கோடும் இல்ல, சர்வரும் இல்ல. ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பத்திதான் பேசப் போறோம்.

நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவரோட அப்பா பழைய டீசல் பிக்கப்ல காய்கறி லோடு அடிக்கறார். ராத்திரி கோயம்பேடு போய் ஏத்திட்டு, விடியறதுக்குள்ள கடை கடையா இறக்கணும். இப்போ எஞ்சின் ஓடும்போது கியர் விழ மாட்டேங்குது. ரிவர்ஸ் போட்டா கரகரன்னு கத்துது. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கணும்னு சொல்லிட்டார். வண்டி 2 நாள் நிக்கும். "சரின்னு சொல்லலாமா ப்ரோ?" இதுதான் கேள்வி.

2 நாள் வண்டி நின்னா கூலிச் செலவு மட்டுமில்ல, வாடிக்கைக் கடைக்காரர் வேற வண்டியைப் பார்த்துப்பார். அதனால என் பதில்: உடனே சரின்னு சொல்லாதீங்க. முதல்ல 20 நிமிஷம் செலவு பண்ணுங்க.

இது கிளட்ச் பிரச்சினைதானா?

கிளட்ச்சுக்கு ரெண்டு வியாதி உண்டு. ஒண்ணு, பிடிக்காது. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இன்னொண்ணு, விடாது. பெடலை முழுசா மிதிச்சாலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் பிரியாது. நம்ம கேஸ் ரெண்டாவது.

உறுதிப்படுத்த, சமதளத்துல வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்க. முன்னாடியும் பின்னாடியும் யாரும் நிக்கக் கூடாது. வண்டி திடீர்னு குதிக்கலாம். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க. அப்பவே விழலன்னா கியர் லீவர், லிங்கேஜ், கியர்பாக்ஸ் பக்கம் தேடணும். ஆஃப்ல சுலபமா விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம் பிடிச்சா, கிளட்ச் விடலன்னு அர்த்தம். நிறைய பழைய வண்டிகள்ல ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் இருக்காது. அதனாலதான் முதல்ல கத்தறது ரிவர்ஸ். தயவுசெஞ்சு பலமா தள்ளிப் போடாதீங்க, பல்லு தேயும்.

கால்ல இருந்து கீழே போவோம்

பெடலை மிதிச்சா மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் ஹோஸ் வழியா கீழே இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும். ஸ்லேவ் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட் மேல அழுத்தும். அப்பதான் கிளட்ச் பிளேட் விடுபடும். இந்தச் சங்கிலியில எந்த இடத்துல நகர்வு குறையுதுன்னு கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்.

முதல்ல பெடல். கீழே மேட் சுருண்டு கிடக்குதா? பெடல் பின், புஷ் தேஞ்சு லொடலொடன்னு ஆடுதா? அந்த ஆட்டம் முழுக்க வீணாப் போற நகர்வு.

அடுத்து ஆயில். கிளட்ச்சுல ஊத்தறதும் பிரேக் ஆயில்தான். சில வண்டிகள்ல பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா. அதுல அளவு குறைஞ்சிருந்தா பிரேக்கையும் சேர்த்துப் பாருங்க. மூடியில என்ன டாட் நம்பர் போட்டிருக்கோ அதையே ஊத்துங்க. அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊத்தினா ரப்பர் சீல் எல்லாம் ஊதிடும்.

மூணாவது, பெடலை நாலஞ்சு தடவை பம்ப் பண்ணுங்க. இப்போ கியர் விழுந்தா லைன்ல காத்து இருக்கு, இல்லன்னா சீல் போயிருக்கு. பெடலை மிதிச்சுப் பிடிச்சிட்டே இருக்கும்போது வண்டி மெல்ல ஊர ஆரம்பிச்சா, மாஸ்டர் உள்ளேயே ஆயில் நழுவுதுன்னு சந்தேகப்படலாம். டாஷ்போர்டுக்குக் கீழே பெடல் கம்பி நுழையற இடத்துல ஈரமா இருந்தா மாஸ்டர் ஒழுகுது. வண்டிக்கு அடியில ஸ்லேவோட ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பாருங்க. உள்ளே ஈரம்னா ஸ்லேவ் போச்சு.

முடிவு சொல்ற டெஸ்ட்

எஞ்சின் ஆஃப், சக்கரத்துக்கு கட்டை. ஒருத்தர் பெடலை மிதிக்கணும், இன்னொருத்தர் ஸ்லேவ் கம்பி எவ்வளவு நகருதுன்னு ஸ்கேல் வச்சுப் பார்க்கணும். சரியான அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். நகர்வு குறைவா இருந்தா பிரச்சினை வெளியில: காத்து, சீல், இல்ல மிதிக்கும்போது பலூன் மாதிரி உப்பற பழைய ஹோஸ். கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம்.

நகர்வு முழுசா இருந்தும் கிளட்ச் விடலன்னா பிரச்சினை உள்ளே. ஃபோர்க் வெடிச்சிருக்கலாம், பிரஷர் பிளேட் விரல்கள் உடைஞ்சிருக்கலாம். மழையில ரொம்ப நாள் நின்ன வண்டின்னா பிளேட் துரு பிடிச்சு ஃப்ளைவீலோட ஒட்டியிருக்கலாம். பைலட் பேரிங் இறுகிட்டா, பிளேட் விட்டாலும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சுத்திட்டே இருக்கும். சமீபத்துல கிளட்ச் மாத்தின வண்டின்னா, பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்காங்களான்னும் கேளுங்க.

இந்த நிலையில மெக்கானிக் சொன்னது சரி, இறக்கித்தான் ஆகணும். இறக்கினா பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணையும் சேர்த்தே மாத்திடுங்க. இறக்கற கூலி ஒரு தடவையோட போகும். அந்த ஆயில் சீலையும் ஒரு பார்வை பார்த்துடுங்க.

ஒரு விஷயம், சில வண்டிகள்ல ஸ்லேவே கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ள இருக்கும். அதுல இந்த ஸ்கேல் டெஸ்ட் நடக்காது. கேபிள் கிளட்ச்னா ஆயில் கதையே இல்ல, கேபிள் நீண்டிருக்கா, பிரி அறுந்திருக்கான்னு பாருங்க.

மெக்கானிக் ஏமாத்தறார்னு நான் சொல்லல. வெளியில போனாலும் உள்ளே போனாலும் டிரைவருக்குத் தெரியற அறிகுறி ஒண்ணுதான். அதனால சண்டை வேண்டாம், ஒரே கேள்வி போதும்: "அண்ணே, ஸ்லேவ் கம்பி எவ்வளவு நகருதுன்னு பார்த்தீங்களா?"

நம்ம நேயர் கேட்டார். ரெண்டு பேரும் சேர்ந்து தொப்பியைத் தூக்கினாங்க, உள்ளே சொதசொதன்னு ஈரம். ஸ்லேவ் மாத்தி, காத்து எடுத்து, அன்னைக்கு ராத்திரியே அப்பா கோயம்பேடு போயிட்டார்.

உங்க வண்டியில என்ன சத்தம் வருதுன்னு வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.