பாறைக்குச் சின்ன பக்கெட்

பல்லடம் பக்கம் எங்க அண்ணன் வீடு கட்டுறார். ரெண்டடிக்குக் கீழ சுக்காம்பாறை. பொக்லைன் மணிக்கணக்கு வாடகை. பக்கெட் சுரண்டச் சுரண்ட அவர் கையிருப்பு கரையுது. “பெரிய பக்கெட் போடச் சொல்லவாடா?”ன்னு கேட்டார். சர்வரைப் பெருசாக்குற நம்ம புத்திதான். இங்கே நேர் எதிர். வண்டியோட விசை அதேதான். பக்கெட் குறுகலா இருந்தா அது குறைவான பற்கள்ல இறங்கும், ஒவ்வொரு பல்லும் ஆழமா ஏறும். ராக் பக்கெட் அதனாலதான் குறுகல், தகடும் தடிமன். சிலதுக்கு முன்விளிம்பே நடுவுல கூம்பியிருக்கும். அதுவும் ஏறலையா? ரிப்பர். ஒத்தைப் பல்லு, மொத்த விசையும் அதுல. கீறிவிட்டு அப்புறம் அள்ளணும். கெட்டிக் கருங்கல்னா பிரேக்கர்தான். பக்கத்து வீட்டுச் சுவர் அதிரும், பார்த்துக்கோங்க. ஆனா அண்ணன்கிட்ட நான் முதல்ல பார்க்கச் சொன்னது பல்லை. மழுங்கியிருந்தா எந்தப் பக்கெட்டும் வழுக்கும். கழட்டி மாட்டுற பல்லுதான். மணி ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லுங்க.